கனத்த உடம்போடு கார்ட் ஓட்டப் போகிறீர்களா? முதலில் சீட்டைப் பாருங்கள்

குன்னூரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் முழங்கால் வலிக்காரர்கள். தேயிலைத் தோட்டத்து மேட்டிலும் சரிவிலும் வருஷக்கணக்கில் ஏறி இறங்கித் தேய்ந்த கால்கள். அதனால் ஒரு திங்கட்கிழமை காலை, கோத்தகிரித் தம்பி ஒருவர் இடது விலாவைக் கையால் அணைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, எங்கோ படியில் வழுக்கியிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

"விழலை மேடம். நேத்து கோயம்புத்தூர்ல கோ-கார்ட் ஓட்டினேன். மூச்சு இழுத்தா குத்துது. தும்மவே பயமா இருக்கு." கோ-கார்ட் என்பது தரையை ஒட்டி ஓடும் சின்னப் பந்தய வண்டி.

வயது 27. ஆறடிக்குச் சற்றுக் குறைவு. எடை 104 கிலோ. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்பதாவது, பத்தாவது விலா ஓடும் இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கன்றிய பட்டை. மோதலில் பட்ட அடி இப்படி இருக்காது. அது பரவலாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். இதுவோ ஸ்கேல் வைத்து இழுத்த கோடு மாதிரி நேராக இருந்தது. சீட்டின் விளிம்பு பதிந்த தடம். அவர் எதிலும் மோதவில்லை, யாரும் அவரை இடிக்கவும் இல்லை. பத்து பத்து நிமிஷமாக மூன்று தடவை ஓட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

"நான் வெயிட் போட்டிருக்கேன், அதான். முப்பது கிலோ குறைச்சுட்டு அப்புறம் போறேன்" என்றார். அவர் சொன்னதில் பாதியை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கார்ட்டில் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் கிடையாது, பின்சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலும் கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே ஆக்சிலில் கோத்தவை. வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பினால்தான் வண்டி ஒழுங்காகத் திரும்பும். அதற்கு சேஸிஸ், அதாவது வண்டியின் சட்டம், முறுக்கிக் கொடுக்க வேண்டும். அந்த முறுக்கத்தில் ஓட்டுகிறவரின் எடைக்குப் பெரிய பங்கு உண்டு, அந்த எடை சேஸிஸுக்குப் போய்ச் சேருவது சீட் வழியாக. அதாவது சீட்டும் வண்டியின் இயந்திர பாகங்களில் ஒன்று. பந்தயக் கார்ட்டில் பெல்ட்டும் கிடையாது. வளைவில் உடம்பைப் பிடித்து வைத்திருப்பவை சீட்டின் இரண்டு பக்கச் சுவர்கள் மட்டுமே.

நல்ல டயர் போட்ட பந்தயக் கார்ட்டில், வளைவில் 2 ஜி அளவுக்கு, அதாவது உடம்பின் எடையைப் போல இரண்டு மடங்கு, பக்கவாட்டு விசை வரும். 70 கிலோ ஆளின் உடம்பு 140 கிலோ போலப் பக்கச் சுவரில் அழுந்தும். 104 கிலோ என்றால் 208. வாடகைக் கார்ட்டில் இது குறைவுதான், ஆனால் கணக்கு அதேதான். விலா எலும்பு இருவருக்கும் ஏறக்குறைய ஒரே கனம்தான்.

இடுப்பு நன்றாக உள்ளே இறங்கி, முதுகு முழுக்கப் பதிந்திருந்தால் இந்தப் பாரம் இடுப்பு, விலாக்கூடு, முதுகு என்று பரவிவிடும். சீட் குறுகலாக இருந்தால் இடுப்புச் சதை சுவரில் பிடித்துக்கொண்டு, உடம்பு ஒரு அங்குலம் மேலேயே தொங்கி நிற்கும். ஓட்டுகிறவருக்கு 'கச்சிதமாக இருக்கிறது' என்று தோன்றும். உண்மையில் பிட்டம் அடித்தளத்தைத் தொட்டிருக்காது. பாரம் முழுக்க விளிம்பில் விழும், விளிம்பு கடைசி விலாக்களில் விழும். அந்த விலாக்கள் முன்பக்கம் குருத்தெலும்பில் போய் முடிகிறவை, ஏற்கெனவே நெகிழ்வானவை. கார்ட் ஓட்டுகிறவர்களிடம் விலாக் காயம் இவ்வளவு சகஜமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அந்தத் தம்பி ஓட்டிய இடத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு சீட். பெடலை மட்டும் தள்ளி வைத்திருக்கிறார்கள். 'உட்கார முடியுதா?' என்று கேட்டிருக்கிறார்கள், இவரும் முடியுது என்றிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை.

வாடகைக்கு ஓட்டுவதானாலும் முதலில் நிற்கும் வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். வால் எலும்பு அடியில் பட வேண்டும். இடுப்புக்கும் சுவருக்கும் நடுவே விரல்களைத் தட்டையாக நுழைத்தால் கொஞ்சம் சிரமப்பட்டுப் போக வேண்டும். போகவே மாட்டேன் என்றால் சீட் சின்னது. கைவிரலால் தடவி, மேல்விளிம்பு எங்கே படுகிறது என்று பாருங்கள். கடைசி விலாவில் கூர்மையாகக் குத்தினால் அந்த வண்டி வேண்டாம். சின்ன உடம்புக்காரர்களுக்காக உள்ளே போட்டிருக்கும் மெத்தையைச் சில இடங்களில் எடுக்காமலே விட்டுவிடுவார்கள். எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த வண்டி எத்தனை கிலோ வரை தாங்கும் என்றும் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. சொந்த வண்டி வாங்குகிற நிலைக்கு வந்தால், கனமானவர்கள் சற்று விறைப்பான சீட்டும் கூடுதல் தாங்கு கம்பிகளும் போடுவது வழக்கம். போல்ட் துளைகளைச் சுற்றி ஃபைபரில் விரிசல் விழுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ரிப் புரொடக்டர், அதாவது விலாவைக் காக்கும் கெட்டியான வெஸ்ட். கார்ட்டுக்கென்றே உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் 8870-2018 என்ற தர நிர்ணயம் இருக்கிறது. ஹெல்மெட் வாங்கக் காசு ஒதுக்குகிறவர்கள் இதைத் தள்ளிப் போடுகிறார்கள். தள்ளாதீர்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அதைப் போட்டுக்கொண்டு சீட்டை அளவெடுக்க வேண்டும். சரியான சீட் கூட வெஸ்ட்டோடு உட்கார்ந்தால் இறுகிவிடும். லூசான ஸ்பாஞ்சைத் திணித்துச் சமாளிப்பதும் வேண்டாம். உடம்பு ஆடி ஆடி மறுபடி விளிம்பில்தான் போய் விழும்.

அடிபட்டுவிட்டால் என்ன செய்வது? கையில் கிடைத்த துணியால் நெஞ்சைச் சுற்றிக் கட்டுவதை இன்னும் பலர் செய்கிறார்கள். அந்தத் தம்பியின் அம்மாவும் வேட்டியைக் கிழித்துக் கட்டித்தான் அனுப்பியிருந்தார். அக்கறையில் செய்ததுதான். ஆனால் கட்டினால் மூச்சு மேலோட்டமாகிவிடும், நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தேங்கி நிமோனியா வரலாம். ஒரு தலையணையை வலிக்கிற இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மணிக்கு ஒரு தரம் ஐந்தாறு முறை ஆழமாக மூச்சிழுக்க வேண்டும். வலி மாத்திரை டாக்டர் சொல்கிறபடி. மெல்லிய விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், அதனால் 'எக்ஸ்ரே நார்மல்' என்றவுடன் மறு வாரமே டிராக்குக்கு ஓடாதீர்கள். விரிசல் ஒன்றுசேரச் சுமார் 6 வாரம் ஆகும். மூச்சு வாங்கினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் சிவந்தாலோ, இடது விலாவில் அடிபட்டு வயிறும் இடது தோளும் வலித்தாலோ என்னைப் போன்றவர்களிடம் வரக் கூடாது. நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மண்ணீரல் காயம் அப்படித்தான் தோள்வலியாகத் தெரியும்.

சரி, எடை விஷயத்துக்கு வருகிறேன். எடை வேகத்தைக் குறைக்கும், அதை மறைக்க மாட்டேன். வாடகைக் கார்ட் சுமார் 150 கிலோ. 65 கிலோ ஆள் உட்கார்ந்தால் 215, 105 கிலோ ஆள் உட்கார்ந்தால் 255. அதே எஞ்சின் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அதிகமாக இழுக்க வேண்டும். பந்தயத்தில், ரோட்டாக்ஸ் எஞ்சின் வண்டிகளுக்கான மேக்ஸ் சீனியர் போன்ற 125 சிசி பிரிவில் வண்டியும் ஆளும் சேர்ந்த குறைந்தபட்ச எடை 160 கிலோவை ஒட்டி இருக்கும். வண்டிக்கு 75 முதல் 80, ஹெல்மெட்டுக்கும் உடைகளுக்கும் ஒரு 5 கிலோ கழித்தால் ஆளுக்கு மிஞ்சுவது 75 முதல் 80 தான். லேசானவர்கள் ஈயக்கட்டியை போல்ட் போட்டு முடுக்கி எடையை ஏற்றிக்கொள்வார்கள். நமக்குக் கழற்றி வைக்க ஒன்றும் இல்லை. பிரிட்டனில் இதற்காகவே 177 கிலோ குறைந்தபட்ச எடையோடு ரோட்டாக்ஸ் 177 என்று தனிப் பிரிவு வைத்தார்கள். இங்கே பந்தயம் நடத்துகிறவர்களும் அப்படி ஒன்றைப் பரவலாகக் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை. எத்தனையோ பெரியவர்கள் தைரியமாக இறங்குவார்கள். அதுவரை, பணம் கட்டுமுன் இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் அந்த வருஷத்து விதிகளில் உங்கள் பிரிவின் எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை பார்க்கும் நாளுக்காகத் தண்ணீர் குடிக்காமல் கிடப்பது, இரண்டு வாரம் கஞ்சியிலேயே ஓட்டுவது, இவை வேண்டவே வேண்டாம். குறைக்க நினைத்தால் மாதம் இரண்டு கிலோ போதும், ஓட்டிக்கொண்டே குறைக்கலாம்.

மலைக்காரர்களுக்கு வேறு ஒரு ஆபத்தும் உண்டு: வெயில். நாங்கள் ஸ்வெட்டரோடு கிளம்பி, 14 கொண்டை ஊசி வளைவு இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டி, செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வே பக்கம் போய் நிற்கும்போது ஏப்ரலில் 36 டிகிரி இருக்கும். அந்த வெயிலில் ரேஸ் சூட், கிளவுஸ், ஹெல்மெட். வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். காலையில் இறங்கி மதியம் ஓட்டுகிற உடம்புக்கு அந்த அவகாசம் இல்லை. கனத்த உடம்பு வெப்பத்தை வெளியேற்றுவதும் மெதுவாகத்தான். முடிந்தால் முந்தின நாளே இறங்கித் தங்குங்கள். காலை முதல் சுற்றிலேயே ஓட்டிவிடுங்கள். ஓஆர்எஸ் கையில் இருக்கட்டும். இடையில் ரேஸ் சூட்டை இடுப்பு வரை கழற்றி, கழுத்தில் ஈரத்துண்டு போடுங்கள். தலை சுற்றியோ, வியர்வை நின்று குளிர் அடிப்பது போலவோ இருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் தொடங்குமுன் ரத்த அழுத்தமும் ஈசிஜியும் பார்த்துக்கொள்வது நல்லது.

மலையிலேயே எங்காவது சின்ன டிராக்கில் ஓட்டிப் பார்த்து, 'என் எடைக்கு வண்டி இழுக்கவே இல்லை' என்று மனம் விட்டுவிடாதீர்கள். குன்னூர் உயரம் சுமார் 1,850 மீட்டர். இந்தக் காற்றில் சாதாரண கார்புரேட்டர் எஞ்சின் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பலத்தை இழந்துவிடும். கீழே அதே வண்டி வேறு மாதிரி இழுக்கும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டில் பழகிக்கொள்ளலாம் என்று யோசிக்கிற பையன்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். எதிரே வருவது பள்ளிக்கூட வண்டியாக இருக்கும்.

ஆனால் இந்த ரோடுகள் சொல்லித் தந்த ஒன்றை டிராக்குக்கு எடுத்துப் போகலாம். பச்சைத் தேயிலை ஏற்றிய லாரிக்காரர் வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கைத் தொட மாட்டார். முன்னாலேயே வேகத்தை அடக்கி, அகலமாக எடுத்து, ஓட்டம் அறுந்து போகாமல் வெளியே வருவார். பாரம் உள்ள வண்டி ஒரு தடவை நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். கனமானவர்கள் கார்ட் ஓட்ட வேண்டியது அப்படியேதான். வளைவில் சறுக்கவிட்டு வேகத்தை இழந்தால் நேர்ப்பாதையில் திரும்பப் பிடிக்க முடியாது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காமல், சீட்டில் முதுகைப் பதித்து, கொஞ்சம் சீக்கிரமே பிரேக் பிடியுங்கள்.

தம்பிக்கு ஏழாவது வாரம் வலி முழுதாக விட்டது. பக்கவாட்டுப் பிளாங்க், கழுத்துப் பயிற்சி எல்லாம் ஒழுங்காகச் செய்கிறார். எடை 101. போன வாரம் ரிப் புரொடக்டரை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து, அதை மாட்டிக்கொண்டு இடுப்பை அளந்து தரச் சொன்னார். டேப் வைத்து அளந்து, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமை கோவையில் பெரிய அளவு சீட் ஒன்று வருகிறதாம். "உட்கார்ந்து பாத்துட்டுத்தான் மேடம் காசு குடுப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.