தட மதிப்பீடு: ஒரு சொல்லின் வழியும் சுவடும்

மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்கு வந்து பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர், தம் ஆய்வறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைப் பார்த்துத் தரச் சொன்னார். தலைப்பிலேயே ‘கால்வாய் மதிப்பீடு’ என்று இருந்தது. செல்போன் அலை வரும் வழியில் என்ன மாற்றம் அடைகிறது என்று அளக்கும் சேனல் எஸ்டிமேஷனைத்தான் அப்படி ஆக்கியிருந்தார். “அகராதியில் சேனலுக்குக் கால்வாய் என்றுதான் இருக்கிறது, ஐயா” என்றார்.

அகராதி பொய் சொல்லவில்லை. நாணலைக் குறித்த ‘கன்னா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து, குழாயையும் நீரோடும் பள்ளத்தையும் குறிக்கும் ‘கனாலிஸ்’ பிறந்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் சேனல் ஆயிற்று. கெனால் அதன் உடன்பிறப்பு. தமிழில் ‘கால்’ என்றாலே நீரோடும் வழிதான். அது வாயோடு சேர்ந்து கால்வாய் என்றும் வாய்க்கால் என்றும் முன்பின்னாக நிற்பதை இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியில் படித்திருப்போம். பழந்தமிழில் கால் என்பதற்குக் காற்று என்றும் பொருள் உண்டு. கம்பியில்லாத் தொடர்பைப் பற்றிப் பேசும்போது இது நினைவுக்கு வந்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆனாலும் கால்வாய் இங்கே பொருந்தாது. கால்வாய்க்குக் கரை உண்டு. நீர் ஒரே வழியில் ஓடும். வானலை அப்படிப் போவதில்லை. திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய மகாலில், கூட்டம் குறைந்த பிற்பகலில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டியது ஒன்று. காதுக்கு வருவதோ நேரே வந்த ஓசையும், தூணிலும் வளைவிலும் பட்டுத் திரும்பிய ஓசைகளும் சேர்ந்த கொத்து. அந்த மண்டபம் உங்கள் கைதட்டலுக்குச் செய்த மாற்றம் முழுவதையும்தான் பொறியாளர் சேனல் என்கிறார். செல்போன் கோபுரத்துக்கும் உங்கள் கைக்கும் நடுவில் கட்டடங்களும் மரங்களும் பஸ்களும் அதே வேலையைச் செய்கின்றன. பல வழிகளில் வரும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன.

‘அலைவரிசை’ என்று எழுதினால் என்ன? அந்தச் சொல்லைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டு நெடுநாள் ஆகிறது. ‘அலைவரிசை மதிப்பீடு’ என்றால் எந்தத் தொலைக்காட்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கைத்தான் வாசகர் எதிர்பார்ப்பார்.

நான் சொன்ன சொல் ‘தடம்’. மாட்டுத்தாவணியில் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பது தட எண். அங்கே தடம் என்றால் வழி. ஈர வரப்பில் பதிந்த காலடியும் தடம். அங்கே அது சுவடு. அலை போன வழி, அந்த வழி அலையின்மேல் பதித்த சுவடு என்ற இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. ஆங்கிலச் சொல்லுக்கு இந்த இரண்டாம் பொருள் இல்லை. மதிப்பீட்டில் சிக்கல் இல்லை. அது நிலைத்துவிட்ட சொல்.

சுவட்டை அளப்பது எளிய வேலை. இரு முனைகளுக்கும் முன்பே தெரிந்த ஒரு சிக்னலை அனுப்புகிறார்கள். அதற்குப் பெயர் பைலட், தமிழில் வழிகாட்டிக் குறிகை. வந்து சேர்ந்ததை அனுப்பியதால் வகுத்தால் தடம் கிடைக்கும். கூடவே இரைச்சலும் வரும் என்பதால் பல குறிகைகளைச் சேர்த்துச் சராசரி பார்க்கிறார்கள்.

அறிக்கையின் அடுத்த சொல்லான பிரீகோடிங்குக்கு வந்ததும் மாணவருடைய ஊரே உதவிக்கு வந்தது. பேரணையிலிருந்து வரும் பெரியாறு பிரதானக் கால்வாயின் கடைமடை மேலூர்ப் பக்கம். “வழியில் மண் குடிக்கும் தண்ணீரையும் சேர்த்துத் தலைமடையிலேயே திறந்துவிட வேண்டும் என்பார் அப்பா” என்றார். அதுதான் பிரீகோடிங். தடம் என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்பக் கோபுரத்தின் ஒவ்வொரு ஆன்டெனாவின் சிக்னலையும் அனுப்பும் முன்பே மாற்றிவிடுவது. நீரில் அளவு மட்டும்தான். இங்கே அலையின் முகடு எந்த நேரத்தில் வந்து சேர வேண்டும் என்பதையும் சரிசெய்கிறார்கள், முகடும் முகடும் சேர்ந்து நிற்பதற்காக. 1971இல் டாம்லின்சன் என்ற ஆய்வாளரும் 1972இல் ஹராஷிமா, மியாகவா என்ற ஆய்வாளர் இருவரும் இந்த எண்ணத்துக்கு முதல் வடிவம் தந்தார்கள்.

‘முன்குறியாக்கம்’ என்பது வழக்கில் இருக்கிறது. ஆனால் குறியாக்கம் என்றதும் வாசகர் மறைமொழியை நினைக்கிறார். இங்கே எதையும் மறைக்கவில்லை. அலைகளைப் பெறுமிடத்தில் இசைந்து சேரச் செய்வதால் ‘முன்னிசைவு’ என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

முன்னிசைவு வந்த பிறகு மதிப்பீடு கடினமாகிறது. முதல் காரணம் காலம். மேலூர் பஸ் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு 15 மீட்டர். 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய எட்டரை சென்டிமீட்டர்; அதில் பாதியைக் கடக்க மூன்று மில்லிநொடிகூட ஆகாது. அதற்குள் தடம் வேறாகிவிடும். கடைமடையிலிருந்து சேதி வந்து ஷட்டரைத் திருப்புவதற்குள் வாய்க்காலே மாறிவிட்டது போல.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. செல்போன் இப்போது காண்பது வெறும் தடத்தை அல்ல, முன்னிசைவும் தடமும் கலந்த ஒன்றை. 4ஜி எனப்படும் எல்டிஇயின் தொடக்கப் பதிப்பில் பெரும்பாலும் வழிகாட்டிக் குறிகைகளை முன்னிசைவு செய்யாமல் அனுப்பி, எந்த முன்னிசைவு என்பதைத் தனியே சொன்னார்கள். 5ஜியில் தரவோடு போகும் குறிகைகளும் அதே முன்னிசைவு வழியாகப் போகின்றன. கலவையையே நேராக அளந்துகொள்ளலாம். ஆனால் 12 துணைச்சுமப்பிகள் (பட்டையைப் பகுத்துத் தரவை ஏற்றும் சிறு அலைகள்) கொண்ட ஒவ்வொரு தொகுதிக்கும் கோபுரம் முன்னிசைவை மாற்றினால், பக்கத்துத் தொகுதியின் குறிகைகளைச் சேர்த்துச் சராசரி எடுக்க முடியாது; எல்லையில் தடம் அறுந்துவிடும். அதனால் அடுத்தடுத்த சில தொகுதிகளுக்கு முன்னிசைவை மாற்றாமல் வைக்கிறார்கள். 5ஜியில் இரண்டு தொகுதி, நான்கு தொகுதி, அல்லது ஒதுக்கிய பட்டை முழுவதும். கூடுதல் குறிகை ஒன்றும் அனுப்பாமலே மதிப்பீடு தெளிவாகிறது. அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இதற்கு ஆங்கிலத்தில் பண்ட்லிங் என்று பெயர். நான் ‘தொகுப்பு’ என்று எழுதிக் கொடுத்தேன். மாணவர் சற்று யோசித்து அதை அடித்துவிட்டுக் ‘கட்டு’ என்று எழுதினார். நாற்றுக்கட்டைத் தூக்கிப் பழகியவர், நான் திருத்தவில்லை.