வன்தட்டு: எது வன்மை?

ஹார்ட் டிஸ்க்கைத் தமிழில் வன்தட்டு என்கிறோம். வன்வட்டு, நிலைவட்டு என்றும் எழுதுவோர் உண்டு. வன்மையும் தட்டும் சேர்ந்த சொல். இலக்கணப்படி புணர்த்தினால் ‘வன்றட்டு’ என்றாகும், சுந்தரரை ‘வன்றொண்டர்’ என்பது போல. படிப்பவர் தடுமாறுவார் என்பதால் யாரும் அப்படி எழுதுவதில்லை, நல்லதுதான்.

இந்த ‘வன்’ பலரை ஏமாற்றுகிறது. அடி தாங்கும் என்ற பொருள் அதில் இல்லை. பழைய ஃபிளாப்பி டிஸ்க்குக்குள் இருந்தது வளையும் பிளாஸ்டிக் படலம், அதனால் அது நெகிழ்வட்டு. இது வளையாத தட்டு, அவ்வளவே. 1956இல் வந்த ஐபிஎம் ராமாக் கணினியின் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. கொள்ளளவோ சுமார் 50 லட்சம் எழுத்துகள். இன்றைய தட்டுகள் அலுமினியம் அல்லது கண்ணாடி. சுழலும் தட்டுக்குச் சில நானோமீட்டர் மேலே படிக்கும் முனை மிதக்கிறது. ஓடும்போது பெட்டி மேசையிலிருந்து சரிந்தால் முனை தட்டில் உரசிக் காந்தப் பூச்சையே சுரண்டிவிடும்.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் புற வன்தட்டு. ‘டிரைவ்’ என்பதற்கு ‘இயக்கி’ போடாதீர்கள். அந்தச் சொல் டிரைவர் மென்பொருளுக்குப் போய்விட்டது. எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் கிடையாது, எல்லாம் சில்லுகள். அதை வன்தட்டு என்பது பிழை, திடநிலைச் சேமிப்பகம் எனலாம். பையில் போட்டுத் தினமும் அலைபவர் வாங்க வேண்டியதும் அதுதான்.

2.5 அங்குல வன்தட்டுக்கு யுஎஸ்பி மின்சாரமே போதும்; 3.5 அங்குலத்துக்குத் தனி அடாப்டர் வேண்டும். செருகியதும் ‘டிக் டிக்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தால் முதலில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. பல நேரம் சிக்கல் அங்கேதான். மாற்றியும் சத்தம் நிற்காவிட்டால் முனை பழுதாகியிருக்கக்கூடும், மறுபடி மறுபடி செருகிப் பார்க்க வேண்டாம்.

விண்டோஸ், மேக் இரண்டிலும் பயன்படுத்த எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். பழைய ஃபேட்32 முறை என்றால் 4 ஜிபி அளவுள்ள ஒரு கோப்பைக்கூட ஏற்காது.

கேபிளை உருவும் முன் அழுத்தும் ‘வெளியேற்று’ (எஜெக்ட்) என்ற கட்டளைச் சொல்லும் குழப்பம்தான். அதை அழுத்தினால் எதுவும் வெளியே வராது. எழுதப்படாமல் நினைவகத்தில் நிற்கும் தரவு தட்டில் எழுதி முடிக்கப்படும். பிறகு பெட்டியில் கை வைத்துப் பாருங்கள்: மெல்லிய அதிர்வு அடங்கப் பத்து வினாடி ஆகலாம். அடங்கிய பிறகு கேபிளை உருவுங்கள்.