கரண்ட் தெரபி மெஷினுக்கு எந்த மெட்டல் நல்லதுனு கேக்குறதுக்கு முன்னாடி

வீட்டுக்கு கரண்ட் தெரபி மெஷின் (உடம்புல லேசா கரண்ட் விட்டு வைத்தியம் பண்றது) வாங்குறவங்களும் சரி, வீடியோ பாத்து தானே ஒண்ணு செஞ்சுக்குறவங்களும் சரி, கேக்குறது ஒரே கேள்விதான், தோல்ல பட்டு கரண்ட்டை உள்ள விடுற எலக்ட்ரோடு காப்பரா இருக்கணுமா, ஸ்டீலா, வெள்ளியா? நல்ல கேள்விதான், ஆனா அது ரெண்டாவதா கேக்க வேண்டியது. முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது அந்த மெஷின்லேர்ந்து வர்ற கரண்ட் ஒரே பக்கமா ஓடுதா, இல்ல போன அளவு திரும்பி வருதாங்குறது. ஒரே பக்கமா ஓடுற டிசின்னா பிளாட்டினத்துல எலக்ட்ரோடு போட்டாலும் தோல் வெந்துபோக வாய்ப்பு இருக்கு.

ஏன்னா வயர்ல ஓடுறது எலக்ட்ரான், உடம்புக்குள்ள அப்படி எலக்ட்ரான் ஓடாது, அங்க சோடியம், குளோரைடு மாதிரி அயனிகள்தான் (சார்ஜ் உள்ள அணுக்கள்) நகரும். எலக்ட்ரோடும் தோலும் தொடுற இடத்துல சார்ஜ் எலக்ட்ரான்கிட்டேர்ந்து அயனிக்கு கைமாறணும், டிசி விடாம ஓடிட்டே இருந்தா அதுக்கு ஒரு கெமிக்கல் ரியாக்‌ஷன் நடந்தே ஆகணும். மைனஸ் பக்கம் தண்ணி உடைஞ்சு ஹைட்ரஜன் வாயுவும் காரமும் (மிளகாய்க் காரம் இல்ல, சுண்ணாம்பு மாதிரி அரிக்குற அல்கலி) உண்டாகும், பிளஸ் பக்கம் அமிலமும் கொஞ்சம் குளோரினும் உண்டாகும், இல்லேன்னா எலக்ட்ரோடு மெட்டலே கரைய ஆரம்பிக்கும்.

இதை கண்ணால பாக்கணும்னா ரொம்ப சுலபம். ஒரு வெள்ளை கிண்ணத்துல தண்ணி, ஒரு ஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சத்தூள், அதுல ரெண்டு பென்சில் லெட்டை தள்ளித்தள்ளி நிறுத்தி 9 வோல்ட் பேட்டரியோட வயர்ல இணைங்க (ஜன்னலைத் திறந்து வச்சுக்கங்க, குளோரின் வாடை வரும்). கொஞ்ச நேரத்துல மைனஸ் பக்கம் குமிழ் குமிழா வந்து அதைச் சுத்தி மஞ்சள் செவக்கும், ஆரத்திக்கு மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு கலந்தா வர்ற அதே செவப்பு, காரணமும் அதேதான், காரம். பென்சில் லெட் கிராஃபைட், அது கரையவே இல்ல, ஆனாலும் காரம் வந்துச்சு பாருங்க. தோல்ல மைனஸ் எலக்ட்ரோடுக்கு அடியில நடக்குறதும் இதுதான், காரப் புண்ணு அமிலப் புண்ணைவிட ஆழமா போகும், சில சமயம் அப்போ வலிக்கக்கூட வலிக்காது. குழந்தைங்க 3 வோல்ட் பட்டன் பேட்டரியை முழுங்கினா 2 மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாய் வெந்துபோறதும் பெரும்பாலும் இதனாலதான், பேட்டரி ஒழுகணும்னே அவசியமில்ல.

இப்ப காப்பருக்கு வருவோம். அமெரிக்காவுல ஹுல்டா கிளார்க்னு ஒருத்தங்க பிரபலமாக்கின ஸாப்பர்னு ஒரு சாதனம் இருக்கு, 9 வோல்ட் பேட்டரி, சின்ன சர்க்யூட், கையில பிடிக்க ரெண்டு காப்பர் பைப், அதுக்கு மேல ஈரமான பேப்பர் டவல். ஒட்டுண்ணியைக் கொல்லும், கேன்சரைக் குணமாக்கும்னெல்லாம் சொன்னாங்க, அதுக்கு ஆதாரம் கிடையாது, அவங்களே 2009ல மல்டிபிள் மைலோமாங்குற ரத்தப் புற்றுநோய்லதான் இறந்தாங்க. அதை விடுங்க, நம்ம விஷயத்துக்கு முக்கியம் அதோட அலைவடிவம், ஏறி இறங்குற சதுர அலைதான் ஆனா பாசிட்டிவ் பக்கத்துலயே நிக்கும், மைனஸுக்கு வரவே வராது, அதாவது ஏசி (திசை மாறி மாறி ஓடுற கரண்ட்) வேஷம் போட்ட டிசி. சராசரியா 1 மில்லி ஆம்பியர் 20 நிமிஷம் ஓடி, அது முழுக்க பிளஸ் பக்கக் காப்பரைக் கரைக்கவே செலவாச்சுன்னா கணக்குப்படி சுமார் 0.4 மில்லிகிராம் காப்பர் கரையும். சாப்பாட்டுல ஒரு நாளைக்குத் தேவைப்படுறதே ஏறக்குறைய 0.9 மில்லிகிராம்தான். அந்த ஈரத்துணியில பச்சையா கறை பிடிக்குதுன்னா அது காப்பர் உப்பு, பித்தளை பாத்திரத்துல ஏறுற களிம்போட சொந்தக்காரன், "உடம்பு நஞ்சு வெளிய வருது"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஸ்டீல் பரவாயில்லையானா, 304 ஸ்டீல்ல சுமார் 8 சதவீதத்துக்கு மேல நிக்கல் இருக்கு, 316ல இன்னும் கூட. சும்மா தொட்டா பெருசா வெளிய வராது, ஆனா டிசியோட பிளஸ் பக்கமா இருந்தா நிக்கலும் குரோமியமும் கரைஞ்சு வரலாம், கவரிங் நகை போட்டா நிக்கல் ஒத்துக்காம காது அரிக்கிறவங்களுக்கு இது ஆகவே ஆகாது. வெள்ளியை சும்மா வெறும் வெள்ளியா போடாம, மேல சில்வர் குளோரைடு பூசி போடுறதுதான் கெட்டிக்காரத்தனம், ஈசிஜி எடுக்க ஒட்டுற ஸ்டிக்கருக்குள்ள இருக்குறது அதுதான். பிளஸ் பக்கம் இருக்குற வெள்ளி, குளோரைடை வாங்கிக்கும், மைனஸ் பக்கம் குளோரைடைத் திருப்பிக் குடுக்கும், தண்ணி உடைய வேண்டிய அவசியமே வராது, அதனால காரமும் அமிலமும் இல்ல. ஆனா அந்தப் பூச்சு தீர்ற வரைக்கும்தான் இந்த சலுகை.

வலிக்கு வைக்கிற டென்ஸ் மெஷின் வேற ஜாதி. அதுல ஒவ்வொரு பல்ஸும் (விட்டு விட்டு வர்ற கரண்ட் துடிப்பு) சுமார் 50லேர்ந்து 250 மைக்ரோ செகண்ட்தான், நல்ல மெஷின்ல ஒரு பக்கம் தள்ளின சார்ஜை அடுத்த பாதியில அப்படியே திருப்பி இழுத்துரும், ரியாக்‌ஷன் சேர்ந்து நிக்க நேரமே கிடைக்காது. அதனாலதான் கார்பன் கலந்த சிலிக்கான் ரப்பர் பேடே அதுக்குப் போதும், மெட்டலே வேண்டாம். அங்க பிரச்சனை வேற, ஜெல் காய்ஞ்சு பேடு ஓரம் தூக்கிட்டா மொத்த கரண்ட்டும் ஒட்டியிருக்குற சின்ன இடத்துல இறங்கும், சுருக் சுருக்குனு குத்துதுன்னா பேடை மாத்துங்க. மலிவு மெஷின் மேல சந்தேகம் இருந்தா அவுட்புட் வயர் ரெண்டுக்கும் நடுவுல 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வச்சு அது மேல அளந்து பாருங்க, ஜீரோகிட்ட நின்னா நல்லது, 100 மில்லி வோல்ட் காட்டினா 0.1 மில்லி ஆம்பியர் டிசி கசியுதுனு அர்த்தம். மீட்டர் பல்ஸைத் துல்லியமா பிடிக்காது, ஆனா பெரிய கசிவு தெரிஞ்சுரும்.

டிசியே வேணும்ங்குற வைத்தியமும் உண்டு, உள்ளங்கை வியர்வைக்கு ரெண்டு தட்டுல தண்ணி ஊத்தி 15, 20 மில்லி ஆம்பியர் வரைக்கும் விடுற அயன்டோஃபோரஸிஸ், தோல் டாக்டர்களே சொல்றதுதான். அதுல அலுமினியம் தட்டு போடுறாங்க, ஆனா தட்டுக்கும் கைக்கும் நடுவுல பிளாஸ்டிக் வலை இருக்கும், உண்டாகுற காரமும் அமிலமும் பெரும்பாலும் தண்ணியோட போயிரும். மோதிரத்தைக் கழட்டணும், வெட்டுக்காயம் இருந்தா வாஸ்லின் தடவணும், கரண்ட்டை மெதுவா ஏத்தி மெதுவா இறக்கணும், பிளஸ் மைனஸை மாத்தி மாத்தி விடணும். இந்த மாதிரி எந்த மெஷினா இருந்தாலும் பேஸ்மேக்கர் இருக்கறவங்க, கர்ப்பிணிங்க, வலிப்பு இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம தொடக்கூடாது, நெஞ்சுக்குக் குறுக்கயும் கழுத்துக்கு முன்னாடியும் வைக்கவே கூடாது, வீட்ல செஞ்ச சர்க்யூட்டை ப்ளக்ல மாட்டுற அடாப்டர்ல ஓட்டவே கூடாது, பேட்டரி மட்டும்தான்.