கியர்பாக்ஸைக் கழற்றுவதற்கு முன்

பழைய ஆட்டோமேட்டிக் கார் கியர் மாறுவதில் தகராறு செய்தால், அதை என் பட்டறைக்குக் கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கிற முதல் கேள்வி, "கியர்பாக்ஸ் போயிடுச்சா?" என்பதுதான். வேறு யாரோ ஏற்கெனவே அப்படிச் சொல்லிப் பயமுறுத்தியும் இருப்பார்கள். நான் பதிலுக்குச் சில கேள்விகள் கேட்பேன். வண்டி குளிர்ந்திருக்கும்போது இப்படிச் செய்கிறதா, சூடான பிறகா? எல்லாக் கியரிலுமா, ஒன்றில் மட்டுமா? மாறும்போது உதைக்கிறதா, அல்லது வேகம் ஏறாமல் எஞ்சின் மட்டும் சத்தம் போடுகிறதா?

இந்தப் பதில்களிலேயே பாதி வேலை முடிந்துவிடும். காலையில் கியரை 'டி'யில் (டிரைவ்) போட்டதும் இரண்டு மூன்று விநாடி யோசித்துவிட்டுக் கிளம்பி, சூடானதும் சரியாகிவிட்டால் கியர்பாக்ஸ் ஆயில் குறைந்திருக்கலாம், இல்லையென்றால் உள்ளே ரப்பர் சீல்கள் இறுகியிருக்கலாம். காலையில் நன்றாக ஓடி, சூடானதும் வழுக்கத் தொடங்கினால் (அதாவது வேகம் ஏறாமல் எஞ்சின் மட்டும் சத்தம் போட்டால்) கவலைப்பட வேண்டும். ஆயில் சூட்டில் இளகும்போது, தேய்ந்த பம்பாலும் சீல்களாலும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க முடிவதில்லை. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது மட்டும் பிரச்சினை என்றால் அந்தக் கியருக்கான சோலினாய்டையோ (ஆயில் போக்கைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு), கியர்பாக்ஸுக்குள் கியரைப் பிடிக்கும் கிளட்ச் பிளேட்டுகளையோ பார்க்க வேண்டும். எல்லா மாற்றமும் கெட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஆயிலில் இருந்து தொடங்குங்கள்.

ஆயில் பார்ப்பதிலேயே நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். பெரும்பாலான கார்களில் எஞ்சின் சூடாகி, கியர் 'பி'யில் (பார்க்) இருக்க, ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை எடுக்க வேண்டும். ஹோண்டா கார்களில் சூடான எஞ்சினை நிறுத்திய பிறகு பார்ப்பது வழக்கம். சில வண்டிகளில் டிப்ஸ்டிக்கே இல்லை, குறிப்பிட்ட வெப்பநிலையில் கியர்பாக்ஸில் அதற்கென உள்ள போல்ட்டைத் திறந்துதான் அளவு பார்க்க முடியும். எனவே உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். அப்புறம் ஒரு துளியை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் புது ஆயில் சிவப்பாக இருக்கும், நாளாக ஆகப் பழுப்பாவது இயல்பு. கருத்துப்போய்க் கருகின வாடை அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. பால் கலந்ததுபோல இளஞ்சிவப்பாக இருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகிக் கூலன்ட் கலந்திருக்கலாம். அந்த வண்டியை அதற்கு மேல் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள்.

"ஆயிலை மாற்றினால் சரியாகுமா?" இதற்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அளவு குறைந்திருந்தாலோ, தவறான ரகத்தை ஊற்றியிருந்தாலோ சரியாக வாய்ப்பு உண்டு. தேய்ந்த கிளட்ச்சை எந்த ஆயிலும் வளர்த்துத் தராது. வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்ட கியர்பாக்ஸில் மெஷின் வைத்து அழுத்திப் பழைய ஆயிலை வெளியேற்றுவதை (ஃப்ளஷ்) நான் விரும்புவதில்லை. கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டான சம்ப்பைத் திறந்து வடித்தால் மொத்த ஆயிலில் ஒரு பகுதிதான் வரும், மிச்சம், எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் போன்ற இடங்களில் தங்கிவிடும். அதனால் வடித்து ஊற்றி, கொஞ்ச நாள் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றுவதே என் பழக்கம். சம்ப்பில் உள்ள காந்தத்தையும் பார்ப்பேன். மெல்லிய சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் பயமில்லை. கையில் குத்துகிற உலோகச் சீவல் இருந்தால் உள்ளே ஏதோ உடைந்துகொண்டிருக்கிறது.

ஒரு வண்டி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எப்போதும் மூன்றாம் கியரிலேயே கிளம்பும், மாறவே மாறாது. இன்னொரு பட்டறையில் கியர்பாக்ஸை மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆயில் சுத்தமாக இருந்தது, வாடையும் இல்லை. சந்தேகப்பட்டு பேட்டரியிலிருந்து பாடிக்கு வரும் எர்த் வயரைப் பிடித்து இழுத்தேன், துரு ஏறிய முனை கையோடு வந்துவிட்டது. மின்சாரம் ஒழுங்காகக் கிடைக்காததால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் தற்காப்புக்காக ஒரே கியரில் நிறுத்தியிருந்தது. முனையைச் சுத்தம் செய்து, புது வயர் போட்டேன். எல்லாக் கியரும் வந்தன. ஒரு வயருக்காக அந்தக் குடும்பம் காரையே விற்க முடிவு செய்திருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பி0700 என்ற பிழைக் குறியீடு வந்தாலும் அவசரப்படாதீர்கள். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பிழைக் குறியீடு பதிவாகியிருக்கிறது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. உள்ளே போய்ப் படித்தால், வேகத்தைச் சொல்லும் சென்சாரா (பி0720), சோலினாய்டா (பி0750) என்று தெரியும். எஞ்சின் குறியீடுகளை மட்டும் படிக்கும் சாதாரண ஸ்கேனரை வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது.

சீரான வேகத்தில் லேசான அதிர்வு வந்தால் எஞ்சின் மிஸ்ஃபயரையும் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது) டார்க் கன்வெர்ட்டர் லாக்கப்பையும் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும் கிளட்ச்) பலர் குழப்பிக்கொள்கிறார்கள். காலியான சாலையில், ஆக்சிலரேட்டரை மாற்றாமல், பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பிரேக்கைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அப்போது லாக்கப் விடுபடும். அதிர்வும் உடனே நின்றால் லாக்கப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். கேபிள் வைத்த பழைய வண்டிகளில் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று கியர்பாக்ஸுக்குச் சொல்லும் த்ராட்டில் கேபிள் தளர்ந்தாலே கியர் சீக்கிரமே மாறி வழுக்க ஆரம்பிக்கும், அதையும் சரிபாருங்கள்.

வழுக்குகிற வண்டியைப் "பட்டறை வரைக்கும்தானே" என்று ஓட்டி வராதீர்கள். ஒவ்வொரு வழுக்கலிலும் கிளட்ச் எரிகிறது. கட்டி இழுத்தும் வராதீர்கள், எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் ஆயில் சுற்றாது. இழுவை வண்டியில் முழுதாக ஏற்றுங்கள், இல்லையென்றால் எஞ்சின் ஓட்டும் சக்கரங்களையாவது தரையில் படாமல் தூக்கச் சொல்லுங்கள்.