‘வேலைக்குப் போறீங்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும்

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் ஏதாவது ஒரு தெருவில், வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் “நீங்க வேலைக்குப் போறீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். “இல்லைங்க, வீட்லதான் இருக்கேன்” என்பார். அவர் மடியில் முறம் இருக்கும். அதில் பீடி இலை, தூள், நூல். நம்மோடு பேசும்போதும் கை சுற்றிக்கொண்டே இருக்கும். ஆய்வுக்குத் தகவல் கேட்டுப் போன நாம் படிவத்தில் ‘இல்லத்தரசி’ என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறோம். ஒரு நாள் முழுக்க உழைக்கும் ஒருவர் கணக்கிலிருந்து காணாமல் போகிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. கிளம்பி, பஸ் ஏறி, ஷூ கம்பெனிக்குப் போகிறவரைத்தான் நாம் கேட்கிறோம் என்று நினைத்து நேர்மையாகப் பதில் சொன்னார். அதே பெண்ணிடம் “நேத்து காலையில எழுந்ததிலிருந்து என்னென்ன செஞ்சீங்க?” என்று கேட்டால் எல்லாம் வரும். எத்தனை பீடி சுற்றினார், ஆயிரத்துக்கு என்ன கூலி, சரியில்லை என்று எவ்வளவு கழித்தார்கள், பள்ளிவிட்டு வரும் மகளும் கூட உட்காருகிறாளா என்பதுவரை.

வேலூர் சுற்றுவட்டார கிராமங்களில் சுகாதார ஆய்வுகளுக்குத் தகவல் சேகரிப்பதும், அப்படிப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் தொழில். படிவத்தோடு களத்துக்குக் கிளம்பும் நர்சிங் மாணவர்கள், சமூகப்பணி மாணவர்கள், தன்னார்வலர்கள் ஆகியோரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். மக்கள் தகவலை மறைக்கிறார்கள் என்று பலரும் அலுத்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில், பெரும்பாலும் நாம் கேட்ட விதம்தான் அவர்கள் வாயை மூடுகிறது.

இருமலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்கான பரிசோதனை செய்ய வேண்டும். ஆனால் புகையிலைத் தூளுக்கு நடுவே வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு இருமல் ஒரு நோயாகவே படுவதில்லை. “இருமல் இருக்கா?” என்றால் இல்லை என்பார். “காலையில எழுந்ததும் சளி வருதா? ராத்திரி இருமி எழுந்துக்கிறீங்களா?” என்று கேட்டால் பதில் மாறும். “உங்களுக்கு இருமல் எதுவும் இல்லையே?” என்று கேட்பதுதான் மிக மோசம். பதிலையும் நாமே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம், மரியாதைக்காகவாவது தலையாட்டுவார்கள்.

அடுத்தது இடம். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைத் தொழிலாளியிடம் கம்பெனி வாசலில், மேஸ்திரி காதில் விழும் தூரத்தில், “கிளவுஸ் கொடுக்கிறாங்களா?” என்று கேட்பதில் பயனே இல்லை. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், குளித்துச் சாப்பிட்ட பிறகு பேச வேண்டும். கையில் ஏற்பட்ட புண்ணை அவரே காட்டுவார். வீட்டிலும் இதே கதை உண்டு. மாமியார் பக்கத்தில் இருந்தால் மருமகளுக்கு எல்லாம் நன்றாகவே இருக்கும். தேசிய குடும்ப நல ஆய்வில் குடும்ப வன்முறை பற்றிய கேள்விகளை ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், தனிமையில்தான் கேட்க வேண்டும். தனிமை கிடைக்காவிட்டால் கேட்கவே கூடாது. பதில் கிடைப்பதைவிட அந்தப் பெண்ணுக்கு அன்று இரவு அடி விழாமல் இருப்பது முக்கியம் என்பதால் வந்த விதி அது. எங்கள் சின்னச் சின்ன ஆய்வுகளிலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மொழியையும் மறக்க வேண்டாம். மேல்விஷாரத்திலும் வாணியம்பாடியிலும் வீட்டுக்குள் உருது பேசும் பெண்கள் நிறைய. ஆந்திர எல்லையோரம் தெலுங்கு. தமிழ் தெரிந்தவர்தான், ஆனால் வயிற்று வலியை, மாதவிடாய்ச் சிக்கலை விவரிக்க வீட்டு மொழிதான் வரும். அந்த மொழி பேசும் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். அது அந்த வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டாம்.

ஞாபகத்துக்கு எல்லை உண்டு. அதனால்தான் 2017-18 தேசிய மாதிரி ஆய்வில் சாதாரண நோய்களுக்குக் கடந்த 15 நாட்களையும், ஆஸ்பத்திரியில் சேர்ந்ததற்குக் கடந்த 365 நாட்களையும் கேட்டார்கள். அதற்கும் முந்தையதைக் கேட்க வேண்டியிருந்தால் தேதியைக் கேட்காதீர்கள். பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அந்த 2021 கார்த்திகைக்கு முன்பா பின்பா? குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முன்பா? இப்படிக் கேட்டால் மாதம் வரை சரியாகச் சொல்வார்கள்.

அப்புறம், பொறுமை. 1984-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடியிலேயே டாக்டர் குறுக்கிட்டுவிட்டார் என்று கண்டார்கள். நம் ஊர் ஓ.பி.யில் நிற்கும் கூட்டத்தை நினைத்தால் டாக்டர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்த அவசரம் இல்லையே. “ஒண்ணுமில்ல கண்ணு” என்று பாட்டி நிறுத்திய இடத்தில் நாம் சும்மா இருந்தால், அடுத்த வாக்கியம் தானாக வரும்.

பொறுமையாகக் கேட்டதால் என்ன வெளியே வந்தது என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. கணியம்பாடி வட்டாரத்தில் வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் சமுதாய நலத்துறை, 1994 முதல் 1999 வரை நடந்த மரணங்களுக்குக் குடும்பத்தாரிடம் பேசிக் காரணம் கண்டறிந்தது. வெர்பல் அட்டாப்சி என்பார்கள். அதன்படி தற்கொலை விகிதம் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 95. அரசுப் பதிவுகள் காட்டிய தேசிய விகிதத்தைவிட இது பல மடங்கு. போலீஸ் கேசுக்கும் ஊர்ப் பேச்சுக்கும் பயந்து ‘வயித்து வலி’ என்று முடித்துவிட்ட மரணங்கள் பதிவேட்டில் எப்படி ஏறும்? கணியம்பாடியில் தகவலுக்கு அடிப்படையாக இருந்தவர்கள் அதே ஊரில் வாழும் சுகாதாரப் பணியாளர்கள். முன்பின் தெரியாத ஒருவர் டேப்லெட் கணினியோடு போய் நின்றிருந்தால் அந்த எண்ணிக்கை கிடைத்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இழவு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இது: காரியம் முடியும்வரை போகாதீர்கள். முதல் கேள்வியே ‘எப்படிச் செத்தார்’ என்று இருக்கக் கூடாது. அவர் எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். அழுதால் படிவத்தை மூடிவிடுங்கள், இன்னொரு நாள் போகலாம்.

பதில் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பதில் சொல்வது 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமை. நீங்கள் சொன்னதை ரகசியமாக வைக்கவும் அதே சட்டம் சொல்கிறது. எங்களைப் போன்றவர்கள் நடத்தும் ஆய்வுகளில் அந்தக் கட்டாயம் இல்லை. யார் நடத்துகிறார்கள், எதற்கு, பெயர் வெளியே வருமா என்று முதலில் கேளுங்கள். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பிடிக்காத கேள்விக்குப் பதில் வேண்டாம். நடுவிலேயே நிறுத்தவும் செய்யலாம். அதனால் ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சை குறையாது, குறையவும் கூடாது. சர்வே என்று சொல்லி வந்து வங்கி விவரமோ ஓ.டி.பி.யோ கேட்டால் அது ஆய்வே இல்லை. ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள்.