டெங்குவில் ஹீமோகுளோபின் ஏறினால் மகிழாதீர்கள்

காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஐந்தாம் நாள் அந்தப் பெண்ணை நடக்கவைத்தே கூட்டிவந்தார்கள். கணவர் கையில் இரண்டு ரிப்போர்ட். "பீட்ரூட் சாறும் பேரீச்சம்பழமும் கொடுத்தோம் டாக்டர். ஹீமோகுளோபின் 10-லிருந்து 12.6-க்கு வந்துவிட்டது" என்றார் பூரிப்போடு. அந்தப் பெண்ணின் கை சில்லிட்டிருந்தது. வயிற்றில் கைவைத்ததும் முகம் சுளித்தார். காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. பிழைத்துக்கொண்டார். ஆனால் இந்த மழைக்காலத்தில் இப்படி வந்த நான்காவது ஆள் இவர்.

மூன்று நாளில் ரத்தம் ஊறாது. இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால்கூட ஹீமோகுளோபின் ஒன்றிரண்டு கிராம் ஏற ஒரு மாதம் ஆகும். அடுப்பில் குழம்பு சுண்டினால் கெட்டியாகிறது. அதற்காக யாரோ புளி சேர்த்தார்கள் என்று சொல்வோமா? டெங்குவில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறது. சிவப்பணுக்கள் உள்ளேயே இருப்பதால் எண் ஏறுகிறது. அதே ரிப்போர்ட்டில் பி.சி.வி. அல்லது ஹீமடோகிரிட் என்று ஒரு வரி இருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு இடத்தை அடைத்திருக்கின்றன என்பதுதான் அது. பெரும்பாலும் ஹீமோகுளோபினைப் போல மூன்று மடங்கு வரும். இவருக்கு 30 இருந்தது 38 ஆகியிருந்தது.

38 என்பது பெண்களுக்கு இயல்பான அளவுதானே என்று கேட்பீர்கள். பெண்களுக்கு ஏறத்தாழ 36 முதல் 46, ஆண்களுக்கு 40 முதல் 50 என்று லேப் அச்சடித்துத் தருகிறது. ஆனால் அந்த வரம்பு உங்களைப் பார்த்துப் போட்டதில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அப்படிப்பட்டவருக்கு நீர் கசியும்போது எண் 'நார்மலுக்கு' வந்து நிற்கும். லேப் தடித்த எழுத்தில் எதையும் காட்டாது. அவரவர் பழைய எண்ணிலிருந்து 20 விழுக்காடு ஏறினாலே எங்களுக்கு அது அபாய மணி. திடீரென்று இறங்கினாலும் நிம்மதி வேண்டாம். உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம்.

எல்லாரும் தட்டணுக்களை, அதாவது பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டுமே கேட்கிறீர்கள். பப்பாளி இலைச்சாறு எத்தனை வேளை என்று கேட்கிறவர்கள், பி.சி.வி. எவ்வளவு என்று கேட்டதே இல்லை. நாங்களோ ரத்த அழுத்தத்தில் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி 20-க்குச் சுருங்கிவிட்டதா என்றுதான் முதலில் பார்க்கிறோம். நீர் கசிந்து ரத்த ஓட்டம் தளர்வதை அது காட்டிக்கொடுக்கும்.

காய்ச்சல் வந்த முதல் இரண்டு நாளிலேயே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவையுங்கள். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்; ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் கூடவே கூடாது. மருந்துக்கடைக்காரரிடம் வலி ஊசி கேட்காதீர்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான் மிகவும் ஆபத்தானது. அன்று வேலைக்குக் கிளம்பாதீர்கள். விடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறில் ரத்தம், அசதி, சிறுநீர் குறைவு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவு எந்நேரமானாலும் வந்துவிடுங்கள். தயவுசெய்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.