நிறுத்தச் சொன்ன பிறகும் பணம் ஏன் போகிறது? ஆட்டோ டெபிட் இயங்கும் விதம்

பிராட்பேண்ட் இணைப்பு வேண்டாம் என்று சொல்லி, மோடத்தையும் திருப்பிக் கொடுத்து, இணைப்பு துண்டிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தியும் வந்த பிறகு, அடுத்த மாதம் அதே தேதியில் வங்கிக் கணக்கிலிருந்து மீண்டும் பணம் எடுக்கப்படுவது பலருக்கும் நேர்ந்திருக்கும். நிறுவனம் ஏமாற்றுகிறது என்றோ வங்கி அலட்சியமாக இருக்கிறது என்றோ உடனே தோன்றுவது இயல்பு. ஆனால் யாரும் வேண்டுமென்றே தவறு செய்யாதபோதும் இது நடக்கும். சேவைக்கான ஒப்பந்தம் ஓரிடத்திலும், பணம் எடுப்பதற்கான அனுமதி வேறோரிடத்திலும் பதிவாகியிருக்கின்றன. ஒன்றை முடித்தால் மற்றொன்று தானாக முடிந்துவிடுவதில்லை.

ரத்து செய்யப் புறப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒவ்வொரு மாதமும் அந்தப் பணத்தை நகர்த்துவது யார் என்பதுதான். வங்கிச் செயலியிலோ கட்டணச் செயலியிலோ மின் இணைப்பு எண்ணைச் சேர்த்து ‘ஆட்டோ பே’ வைத்திருந்தால், பில் தொகையைக் கேட்டறிந்து பணத்தை அனுப்புவது உங்கள் தரப்புதான். மின்வாரியத்துக்கு அப்படியோர் ஏற்பாடு இருப்பதே தெரியாது. வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கும்; குடியிருப்பவர் அந்த எண்ணைத் தம் செயலியில் சேர்த்திருப்பார்; வீட்டைக் காலி செய்யும்போது அதை நீக்க மறந்தால், இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை அடுத்துக் குடிவந்தவரின் மின்கட்டணத்தையும் காலி செய்தவரே கட்டிக்கொண்டிருப்பார். மின்வாரியத்தின் கணக்கில் அது அந்த இணைப்புக்கு முறையாக வந்த பணம். எனவே அலுவலகத்தில் போய்க் கேட்டால் அவர்களால் எதையும் நிறுத்த முடியாது. செயலியில்தான் நீக்க வேண்டும்.

காப்பீட்டு பிரீமியம், சில பிராட்பேண்ட், தொலைபேசிக் கட்டணங்கள் போன்றவற்றில் நிலைமை நேர்மாறானது. அங்கே நிறுவனமே உங்கள் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்கிறது. இதற்கான வழித்தடம் ‘நாச்’ எனப்படும் அமைப்பு; 2008-இல் தொடங்கப்பட்ட இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம், அதாவது என்பிசிஐ, இதை நடத்துகிறது. நீங்கள் கையெழுத்திட்ட அல்லது இணையத்தில் ஒப்புதல் அளித்த மேன்டேட், அதாவது பணம் எடுப்பதற்கான அனுமதி, நிறுவனத்தின் வங்கி வழியாக என்பிசிஐ-க்குச் சென்று, அங்கிருந்து உங்கள் வங்கிக்கு வந்து ஏற்கப்பட்ட பிறகு, அதற்கு 20 எழுத்தும் எண்ணும் கொண்ட யுஎம்ஆர்என் என்ற தனி அடையாளம் நிலைக்கும். மாதந்தோறும் நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் அனைவருக்குமான பட்டியலை ஒரே கோப்பாக அனுப்புகிறது. உங்கள் வங்கி பார்ப்பது சில விஷயங்களை மட்டுமே: இந்த எண்ணுள்ள மேன்டேட் உயிரோடு இருக்கிறதா, கேட்கும் தொகை அதன் உச்சவரம்புக்குள் அடங்குகிறதா, கணக்கில் பணம் இருக்கிறதா. சேவை தொடர்கிறதா என்ற கேள்வி அந்தச் சரிபார்ப்பில் எங்குமே இல்லை.

பழைய காகித மேன்டேட் படிவத்தை ஒருமுறை நிதானமாகப் படித்தால் பல குழப்பங்கள் தெளியும். தொடங்க, மாற்ற, ரத்து செய்ய என்று அதில் மூன்று கட்டங்கள் இருக்கும். ரத்துக்கும் அதே படிவம்தான். தொகைக்கான இடத்தில் ‘நிலையான தொகை’, ‘அதிகபட்சத் தொகை’ என இரண்டு தெரிவுகள் உண்டு. மாதம் 800 ரூபாய் கட்டணத்துக்கு 5,000 ரூபாய் அதிகபட்ச வரம்பு எழுதிக் கொடுத்திருந்தால், 5,000 வரை எடுப்பது வங்கியின் பார்வையில் விதிமீறலே அல்ல. படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் உள்ள உறுதிமொழி எல்லாவற்றையும்விட முக்கியமானது: மேன்டேட்டை ரத்து செய்யும் கோரிக்கையை நிறுவனத்திடமோ, பற்று வைக்க அனுமதித்த வங்கியிடமோ தெரிவிக்கலாம் என்று அது கூறுகிறது. ஆகவே, ‘நிறுவனத்திடமே போய்க் கேளுங்கள்’ என்று வங்கிக் கிளையில் திருப்பி அனுப்பப்படுபவர், அந்த வாசகத்தைக் காட்டி எழுத்துவழிக் கோரிக்கை கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையும் வாங்க வேண்டும். பல வங்கிகளின் நெட் பேங்கிங்கிலேயே மேன்டேட்டுகளின் பட்டியல் இருக்கிறது. திட்டத்தை மாற்றியபோது புதிய மேன்டேட் கொடுத்திருந்தால் பழையதும் உயிரோடு இருக்கக்கூடும் என்பதால், நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்க்காமல் யுஎம்ஆர்என்னையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

நேரமும் ஒரு காரணம். கோப்பு முன்கூட்டியே தயாராகிவிடுவதால், பணம் எடுக்கும் தேதிக்கு முந்தைய நாள் கொடுத்த ரத்துக் கோரிக்கை அந்த மாதத்துக்குப் பலிக்காமல் போகலாம். 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் வாரத்தின் எல்லா நாட்களிலும் இயங்குவதால், விடுமுறை நாள் என்ற இடைவெளியும் இல்லை.

கணக்கைக் காலியாக வைத்துவிட்டால் பணம் போகாது என்று சிலர் நினைக்கிறார்கள். இது ஆபத்தான வழி. மேன்டேட் உயிரோடு இருக்கும்வரை கோரிக்கை வந்துகொண்டேயிருக்கும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வங்கி பவுன்ஸ் கட்டணம் பிடிக்கும். உண்மையிலேயே கொடுக்க வேண்டிய கடனுக்கான பற்று, பணமில்லாமல் திரும்பினால், 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்தல், தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு காசோலை திரும்பியதைப் போலவே அதைக் குற்றமாகக் கருதுகிறது; இரண்டு ஆண்டு வரை சிறைக்கும் அதில் இடமுண்டு. மேன்டேட்டை ரத்து செய்வதும் பாக்கியை ரத்து செய்வதாகாது என்பதை இதோடு சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்.

கார்டு, யுபிஐ ஆகியவற்றின் வழியே செல்லும் தானியங்கிக் கட்டணங்களில் வாடிக்கையாளரின் கை ஓங்கியிருக்கிறது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வர வேண்டும், அந்த ஒரு கட்டணத்தையோ முழு அனுமதியையோ விலக்கிக்கொள்ள வழியிருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. யுபிஐ ஆட்டோ பே 2020-இல் வந்தது. அதை உருவாக்கிய செயலிக்குள் சென்றே ரத்து செய்துவிடலாம். நாச் மேன்டேட் அந்த விதிமுறைகளின் வரம்புக்குள் வரவில்லை. மாதாமாதம் வீட்டுக் கணக்கில் கைவைக்கும் ஒரு முறைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லாதது பெரும் குறை என்றே நான் கருதுகிறேன்.

அதைவிடப் பெரிய இடைவெளி, போன பணத்தைத் திரும்பப் பெறுவதில் இருக்கிறது. ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ‘செபா’ தானியங்கிப் பற்று முறையில், எடுக்கப்பட்ட தொகையை எட்டு வாரங்களுக்குள் காரணம் சொல்லாமலேயே வாடிக்கையாளர் தம் வங்கியிடமிருந்து திரும்பப் பெறலாம். அனுமதியே இல்லாமல் எடுத்திருந்தால் 13 மாதங்கள் வரை அவகாசம் உண்டு. பிரிட்டனில், தவறு நிறுவனத்துடையதாக இருந்தாலும் வங்கிதான் முதலில் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். அங்கெல்லாம் வாடிக்கையாளர் நிறுவனத்தின் பின்னால் அலைய வேண்டியதில்லை. இங்கே, ரத்துக் கோரிக்கையின் ஒப்புகையையும் அதற்குப் பிந்தைய பற்றைக் காட்டும் கணக்கு அறிக்கையையும் இணைத்து வங்கிக்குப் புகார் எழுத வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகக் கட்டணமின்றி முறையிடலாம். அங்கே வழக்கைத் தாங்கப்போவது கிளையில் முத்திரை குத்தித் தந்த அந்த ஒப்புகைச் சீட்டுதான்.